அத்தான் நலம்

மாஸ்டரின் மனைவி இறந்த பதினெட்டாம் நாள் காலை, சார்ஜில் கிடந்த அவளுடைய போன் டிங் என்றது.

பயந்துவிடாதீர்கள், நான் பேய்க்கதை சொல்ல வரவில்லை. பேயாகவே வந்திருந்தாலும் மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் வைத்துக் கொடுத்து, இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டிருப்பார். வந்தது ஆதரவு. அதைச் சமாளிப்பது பேயைவிடக் கஷ்டம்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். முப்பத்தோரு வருஷமாக, ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்வதுதான் அவர் பிழைப்பு. அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தானே ஓட்டுவதாக நினைத்துப் பூரித்துப் போயிருப்பார். வண்டி நிற்பதும் போவதும் மாஸ்டரின் காலில் இருக்கும். குடியிருப்பு முதல் மாடியில். முன்னறைதான் பள்ளியின் அலுவலகம்: ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, சாலைக் குறிகள் வரைந்த ஒரு பலகை. மேஜைக்குப் பின்னால் அவர் மனைவி. விண்ணப்பம் நிரப்புவதும் வந்தவர்களை வறுத்தெடுப்பதும் அவள் இலாகா. கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அவள் 'அப்ளிகேஷன் அக்கா'. கையெழுத்தைப் பார்த்தே, "நீ மூணாவது டெஸ்ட்லதான் பாஸ் பண்ணுவ" என்று சொல்லிவிடுவாள். பாழாய்ப்போனது, பெரும்பாலும் பலித்தும் விடும்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். பால்காரர், தபால்காரர், கீழ்வீடு, எதிர்வீடு, சொந்தத் தம்பி என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. அந்த வாயோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினார் மாஸ்டர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் கேட்பது ஒரே குரல், ஆனால் பத்துப் பேர் குடியிருக்கிற மாதிரி இருக்கும். மூன்று வாரம் ஆஸ்பத்திரி, சேர்த்த அன்றைக்கே நினைவு தப்பிவிட்டது, அப்படியே போய்விட்டாள். போன பிறகு அவள் போனை அணைக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. தினமும் சார்ஜில் போட்டு வைத்தார். ஏன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். நாம் கேட்க வேண்டாம்.

டிங் என்றதும் எடுத்துப் பார்த்தார். 'அத்தான் நலம்' என்ற புதிய குழுவில் அவளைச் சேர்த்திருந்தார்கள்.

சேர்த்தது அவளுடைய தம்பி. குளிர்பதனக் கிடங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், மேனேஜர் பதவியிலிருந்து இன்னும் பெறவில்லை. உறவில் எல்லாருக்கும் அவர் 'மேனேஜர் மச்சான்'. அத்தானைத் தேற்ற ஒரு வாட்ஸப் குழு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பழைய 'நம்ம குடும்பம்' குழுவைப் பார்த்து வரிசையாக ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அத்தான் பெயர் வந்ததும் வெகு கவனமாகத் தாண்டினார். அடுத்த பெயர் அக்கா. தட்டிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் கிடங்கில் மூட்டை எண்ணிய மனிதர், ஒரு தலை கூடுதலாக ஏறியதைப் பார்க்கவில்லை. மற்ற பதிமூன்று பேரும் பார்க்கவில்லை. குழு என்றால் அதில் அவள் இருப்பாள் என்பது அவர்களுக்கு அவ்வளவு பழக்கம்.

முதல் செய்தி மேனேஜருடையது. "அனைவருக்கும் வணக்கம். அத்தானை எக்காரணம் கொண்டும் தனியாக விடக்கூடாது. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் முறை போடப்பட்டுள்ளது. முறைக்கு வருபவர் மாலைக்குள் அறிக்கை தர வேண்டும். சாப்பாடு, தூக்கம், அழுகை ஆகியவை தவறாமல் குறிப்பிடப்பட வேண்டும்."

அடுத்தது மாஸ்டரின் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். "முக்கியமா ஒண்ணு. அண்ணன் முன்னாடி அண்ணி பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா உடைஞ்சு போயிடும். கெஞ்சிக் கேட்டுக்கறேன்." மேனேஜர் உடனே அதை 'விதி எண் 1' என்று அறிவித்தார். பதினொரு கட்டைவிரல்கள் உயர்ந்தன.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு நாளாக அவருக்கு ஒரு குழப்பம். வருகிறார்கள், உட்கார்கிறார்கள், வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள், போகிறார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் அவள் பேச்சு வருவதில்லை. அதற்குள் மறந்துவிட்டார்களா, அப்படி மறக்கக்கூடிய ஆளா அவள் என்று வேதனைப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது தெரிந்தது, இது மறதி இல்லை, தீர்மானம். அவருக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேச வேண்டும். அதை மட்டும் தவிர மற்ற எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள் நம் ஆட்கள்.

செவ்வாய்க்கிழமை தங்கையின் முறை. சுத்தமாக இருந்த சமையலறையைத் துடைத்தாள். அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். மாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க அண்ணி குறட்டை விடுவா, உனக்குத் தெரியுமா?"

தங்கையின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. "அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா. விட்டுட்டு, காலையில எழுந்து நான்தான் விட்டேன்னு சண்டை பிடிப்பா. ஒரு நாள் நான்..."

"எங்க தெருவுல ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்கண்ணா! இவ்ளோ பெரிய பள்ளம்! ரெண்டு ஆள் நிக்கலாம்!"

பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், அதில் விழுந்தவர்கள் விவரம் என்று முக்கால் மணி நேரம் ஓடியது. அவள் படியிறங்கிய ஐந்தாம் நிமிஷம் அலமாரி மேல் இருந்த போன் டிங் என்றது. "குறட்டை பத்திப் பேச்சு எடுத்தாரு. உடனே ரோடு பேச்சுக்கு மாத்திட்டேன். சாப்பாடு முக்கால்வாசி. அழல." மேனேஜர், "நன்று" என்றார். மாஸ்டருக்குச் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், எங்கோ பத்து நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து உலகத்தின் எல்லாத் தொல்லைக்கும் மூக்கில் மருந்து இருக்கிறது என்பவன். அவனை 'மூச்சுத் தம்பி' என்று வைத்துக்கொள்வோம். அவன் எழுதினான்: "குறட்டை மூச்சு சம்பந்தப்பட்டது. நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வந்து பார்த்துக்கொண்டான். மாஸ்டரைச் சம்மணம் போட வைத்து, ஒரு மூக்கை அடைக்கச் சொன்னான்.

"டேய், உங்க அண்ணி மட்டும் இதைப் பாத்திருந்தா..."

"பேசாதீங்கண்ணா, மூச்சு சிதறிடும். மனசுல இருக்கிற எல்லாத்தையும் வெளிய விடுங்க."

"அதைத்தானடா விடப் பாக்கறேன்."

"வாயால இல்லண்ணா. மூக்கால."

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரே நேரில் வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். அவளுடைய எந்தப் படத்தை எடுத்தாலும் வாய் திறந்திருக்கும். மூடியிருக்கிற ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த படம் அது, மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். கீழே பொன்னெழுத்தில், 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருந்தது. மாஸ்டர் படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு மச்சான் இது?"

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைய அறிக்கை: "அக்காவையே அடையாளம் தெரியவில்லை. நிலைமை கவலைக்கிடம்."

இதோடு நின்றதா? பள்ளியை மூடி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போனால் மனசு தாங்காதாம். கதவில் 'விடுமுறை' என்று அட்டை. ஒரு நாள் முறைக்காரர் கதவைத் திறந்து யாரிடமோ பேசுவது உள்ளே படுத்திருந்த மாஸ்டருக்குக் கேட்டது. வந்தவள் போன வருஷம் லைசென்ஸ் வாங்கிய ஒரு நர்ஸ். "மாஸ்டரைப் பாக்கணும்ங்க. எனக்கு ரிவர்ஸ் வந்ததே அக்கா திட்டினதுலதான். அதைச் சொல்லணும், அவ்வளவுதான்" என்றாள். "சாருக்கு ஓய்வு தேவை" என்று கதவு சாத்தப்பட்டது. மாஸ்டர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள். அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில் மூக்கும் வாயும் ஒன்றாக அடைத்துக்கொண்டன. முப்பத்தோரு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் வண்டிக்குப் பிரேக் போட்டவருக்கு, இப்போது பதினாலு பேர் பக்கத்து இருக்கையில்.

நீங்கள் கேட்பீர்கள், போன்தான் கையில் இருக்கிறதே, உண்மையைச் சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று. சொன்னால் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் மேனேஜருக்குக் கீழே, தங்கைக்கு மேலே, அவள் இன்னும் இருந்தாள். அவளுக்கு இன்னும் செய்தி வந்துகொண்டிருந்தது. அது நிற்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜரின் நீண்ட செய்தி வந்தது. அத்தானின் நிலைமையில் முன்னேற்றம் இல்லை. ஆகவே அடுத்த மாதம் முதல் தேதி அக்காவின் அலமாரியைக் காலி செய்து, வீட்டைத் திருப்பிக் கொடுத்து, பயிற்சிக் காரை விற்று, அத்தானைத் தங்கை வீட்டுப் பின்னறைக்கு மாற்றிவிடலாம். அனைவருக்கும் சம்மதம்தானே?

மாஸ்டர் முன்னறைக்கு வந்து மேஜை முன்னால் நின்றார். இந்த வீட்டை விட்டால் அவர் எங்கே போய் அவளைத் தேடுவார்? மேஜை விளிம்பில் அவள் பேனாவால் குத்திக் குத்திப் பள்ளம் விழுந்திருக்கிறதே, அதைப் பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா? மறுபடி படிக்கலாம் என்று திரையைத் தள்ளப் போனார். அவசரத்தில் விரல் எங்கோ பட்டு, எதையோ அழுத்தி, மேனேஜரின் செய்திக்குக் கீழே ஒரு கட்டைவிரல் எழும்பி நின்றது. யாருடையது என்று தொட்டுப் பார்த்தால், 'நீங்கள்' என்றது. அதாவது, அப்ளிகேஷன் அக்கா.



நான்கு நிமிஷம் கழித்து மூச்சுத் தம்பி குழுவில் எழுதினான்: "எல்லாரும் பாத்தீங்களா?"

"நான் பார்த்தேன்" என்றார் ஒரு மாமா. இன்னொருவர் வெறுமனே கண் படம் போட்டார். போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! தோன்றினால் கூட்டம் கலைந்துவிடுமே. கடைசியில் மேனேஜர் தீர்ப்புச் சொன்னார்: "அக்கா உயிரோடு இருந்தவரை நான் சொன்ன எதற்கும் ஒரு தடவைகூடச் சரி என்றதில்லை. இப்போது சொல்லியிருக்கிறாள். அவள் விருப்பத்தை நிறைவேற்றுவது நம் கடமை."

தன் அலமாரியைக் காலி செய்யத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள் புண்ணியவதி. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து மறுபடி டிங். இது குழுவில் வந்ததில்லை. தங்கை, தனியாக, அவள் எண்ணுக்கு மட்டும் அனுப்பியிருந்தாள்.

"அண்ணி?"

 சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது.

"அண்ணி, கோபமா?"

என்ன கோபம், எதற்குக் கோபம் என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பதில் போட அவருக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

சனிக்கிழமை காலை, முறைக்காரன் வருவதற்குள் இரண்டு படுக்கை விரிப்பைத் துவைத்துப் பால்கனியில் போட்டார். ஐந்து நிமிஷத்தில் படிக்கட்டு அதிர ஒரு குரல் ஏறி வந்தது.

"இந்த வீட்டுல யாருக்கும் துணி பிழியத் தெரியாதா? வெள்ளைச் சட்டை காயப் போட்டிருக்கேன், சொட்டுச் சொட்டுன்னு கொட்டுது! எத்தனை தடவை சொல்றது உன..."

கீழ்வீட்டு யூனிஃபார்ம் அம்மா. பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைப்பவர். கழுத்தில் அளவு நாடா, மேலெல்லாம் நூல். மாஸ்டர் மனைவிக்கும் அவருக்கும் பதினொரு வருஷப் பகை. 'இந்த அம்மாவைப் படியேற விடக் கூடாது' என்பது விதி எண் 4. வாசலில் மாஸ்டரைப் பார்த்ததும் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. திறந்த வாய் திறந்தபடி நின்றது.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர். பழக்க தோஷம். அவங்க இருக்காங்கன்னு..."

"இல்ல, நில்லுங்க" என்றார் மாஸ்டர். "எத்தனை தடவை சொல்றதுன்னீங்களே. அப்புறம் என்ன சொல்ல வந்தீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்கம்மா. முழுசாச் சொல்லுங்க."

யூனிஃபார்ம் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும், பதினொரு வருஷத்துக் கொதிப்பு பொங்கிவிட்டது. "உங்க சம்சாரம் வேணும்னே பிழியாம போடுவாங்க மாஸ்டர். வேணும்னே!"

"ஆமா. வேணும்னேதான் போடுவா. சொட்டுதான்னு எட்டிப் பாத்துட்டு உள்ள வந்து சிரிப்பா."

"ஐயையோ! பதினொரு வருஷமா இல்லவே இல்லைன்னு சாதிச்சாங்களே! நான்தானே சண்டைக்காரின்னு பேர் வாங்கினேன்!" அந்த அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் வாய் ஓயவில்லை. ஒரு தடவை நாற்பது சட்டை ஈரமாகிவிட்டது, மறுநாள் கொடுக்க வேண்டிய உருப்படி, இவர் மேலே வந்து கத்தியிருக்கிறார். அவள் பதிலுக்குக் கத்திவிட்டு, விறுவிறுவென்று கீழே இறங்கி, நாற்பது சட்டையையும் நின்றுகொண்டே இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாளாம். "போட்டு முடிக்கிற வரைக்கும் என்னைத் திட்டினாங்க மாஸ்டர். கடைசி வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கலை."

மாஸ்டர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கவில்லை. யூனிஃபார்ம் அம்மாவும் மூக்கை உறிஞ்சினார்.

"மேல இருந்து சத்தம் வராம எனக்குத் தையலே ஓடலை மாஸ்டர். பதினொரு வருஷம். பகையாளின்னாலும் ஒரு ஆள் இல்லையா?"

இந்தக் கட்டத்தில்தான் மூச்சுத் தம்பி உள்ளே நுழைந்தான். நுழைந்தவன் வாசலிலேயே மூச்சை மறந்து நின்றான். அடுத்த நிமிஷம் அறிக்கை பறந்தது: "கீழ்வீட்டு அம்மா உள்ளே இருக்காங்க. அண்ணன் சிரிக்கிறாரு. அழறாரு. ரெண்டும் ஒரே நேரத்துல." இத்தனை வாரமாகக் கட்டிக் காத்த அழாமை ஒரே காலையில் பாழாகிவிட்டதே என்று குழுவில் ஒரே புலம்பல். முதல் தேதி வரை காத்திருப்பதில்லை என்று முடிவானது. நாளைக்குக் காலை பத்து மணி.

பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர், தங்கை, மூச்சுத் தம்பி மூவரும். கூடவே ஒன்பது அட்டைப் பெட்டி. மேனேஜர் வரும்போதே பெட்டிகளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'அக்கா - துணி.' 'அக்கா - காகிதம்.' ஒன்றில் 'அக்கா - இதர.'

"இதரன்னா என்ன மச்சான்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சில்லறை சாமான் அத்தான். சீப்பு, கண்ணாடி, அந்த மாதிரி. நீங்க உள்ள போய்ப் படுங்க. நாங்க பாத்துக்கறோம்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தைப் படித்துக் காட்டுகிற தோரணையில் நிதானமாகப் படித்தார். "'குறட்டை பத்திப் பேச்சு எடுத்தாரு. உடனே ரோடு பேச்சுக்கு மாத்திட்டேன். சாப்பாடு முக்கால்வாசி.' இது செவ்வாய்க்கிழமை. 'அக்காவையே அடையாளம் தெரியவில்லை. நிலைமை கவலைக்கிடம்.' இது நீங்க மச்சான்."

மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"இது... யாரு போன்?" என்றான் மூச்சுத் தம்பி.

"உங்க அண்ணி போன். மச்சான்தான் அவளைக் குழுவுல சேர்த்தாரு."

மேனேஜர் தன் போனை எடுத்துப் பட்டியலைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "அப்ப அந்தக் கட்டைவிரல்?"

"என்னுது. கை தவறிப் பட்டுடுச்சு. அவளாவது, நீங்க சொன்னதுக்குச் சரின்னு சொல்றதாவது!"

"அப்ப இத்தனை நாளா எங்க பேச்சை ஒட்டுக் கேட்டிருக்கீங்க!"

"எங்க ஒட்டுக் கேட்டேன்? டிங் டிங்குன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னீங்க." மாஸ்டர் 'இதர' பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "மச்சான், நீங்க யாரும் கெட்டவங்க இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அவளைப் பத்திப் பேசணும். அவ என்னைத் திட்டினதை, குறட்டை விட்டதை, எல்லாத்தையும் பேசணும். வாய் வரைக்கும் வந்து நிக்குது, நீங்க எல்லாரும் சேர்ந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க. இப்படியே போனா, படத்துல இருக்கிற அந்தப் பொறுமைக்காரிதான் மிச்சமாவா. என் பொண்டாட்டி போயிடுவா. நான் எங்கயும் வரலை. காரை விக்கலை. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் பள்ளியைத் திறக்கறேன். நீங்க தினமும் வாங்க. வந்தா அவளைப் பத்திப் பேசுங்க. முடியாதுன்னா வெயிலைப் பத்தி உங்க வீட்டுலயே பேசிக்கோங்க."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷ நிர்வாகத்தில் இப்படி ஒரு பிசகு அவர் கையால் நடந்ததில்லை. "நல்லது செய்யப் போனா இதான் மிச்சம். எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே போனில் எதையோ அழுத்தினார்.

மாஸ்டரின் கையில் இருந்த போன் டிங் என்றது. 'நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.'

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைப் படித்தபோதுகூட இப்படி நின்றதில்லை.

"எதுக்கு அண்ணியை எடுத்தீங்க?"

கத்தியது தங்கை. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அங்கிருந்த யாருக்கும் தெரியாது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க? சேருங்க! திரும்பச் சேருங்க!"

"என்னம்மா நீயும் சேர்ந்துக்கிட்டு... உயிரோட இல்லாதவங்களை..."

"சேருங்கன்னு சொல்றேன்ல!"

 மேனேஜர் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கினார். மூச்சுத் தம்பி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எது காற்றோட்டமான இடமோ அந்தப் பக்கமாக அவர் பின்னால் போனான். தங்கை 'இதர' என்று எழுதிய பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டர் அவள் எதிரில் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினியே. கோபமான்னு. என்ன கோபம்?"

தங்கை விக்கித்துப் போய் நிமிர்ந்தாள். "அதையும் பாத்துட்டீங்களா?" என்றாள். பிறகு, "கடைசி அஞ்சு மாசம் நான் அண்ணி கூடப் பேசலைண்ணா" என்றாள்.

"வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன்."

"உங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வந்தேன்ல, அப்ப. பின்னால எடுக்கச் சொன்னீங்க, நான் முன்னால எடுத்துட்டேன். மாடி ஏறி வந்தா பெஞ்சு நிறைய ஆளு. அத்தனை பேர் முன்னாடி அண்ணி ஒண்ணு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. ரெண்டு தடவை போன் பண்ணாங்க, எடுக்கலை. அப்புறம் ஆஸ்பத்திரின்னு சேதி வந்து ஓடி வந்தா, கண்ணே திறக்கலை. கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சிடுங்க அண்ணின்னு சொன்னேன். காதுல விழுந்துச்சோ இல்லையோ." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க பேச்சை எடுக்கக் கூடாதுன்னு நான்தான் விதி போட்டேன். உங்களுக்காக இல்லண்ணா. எனக்காக."

 இத்தனை வாரம் தன்னைக் காவல் காத்தவள், காவல் காத்தது எதை என்று இப்போதுதான் மாஸ்டருக்குப் புரிந்தது.

"அவ என்ன சொன்னா?"

"வேண்டாம்ணா."

"சொல்லும்மா."

"இவ ஸ்டீயரிங்கைப் பிடிச்சா, ரோட்டுல போறவங்க எல்லாம் உயில் எழுதி வச்சுட்டுத்தான் கிளம்பணும்னு..." சொல்லி முடிக்க முடியாமல் அழுதாள்.

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. "சரியாத்தானே சொல்லியிருக்கா! அன்னைக்குக் கேட் தூணை ஒரு இஞ்ச்ல விட்ட!"

"அண்ணா!"

"அவ சொல்ற மாதிரியே சொல்லிக் காட்டு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுருதியை ஏற்றிக்கொண்டு, அண்ணி மாதிரியே சொன்னாள். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்ல. 'உயில்'னு சொல்லும்போது இன்னும் கொஞ்சம் இழுப்பா."

"உயீ...ல்?"

"ஆங், அதான். அப்படியே இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சொல்லு."

தங்கை எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.